ஏபிஐ மாஸ்டர் டெஸ்ட் கிட்: ஒன்பது மீன் போனதுக்கு அப்புறம் வாங்கினது

மொதல்லயே சொல்லிடறேன், மீன் தொட்டித் தண்ணியை வீட்டுலயே டெஸ்ட் பண்ற இந்த கிட்டு நல்ல கிட்டு தான், காசு தான் வயித்தெரிச்சல். நான் வாங்கும்போது மூவாயிரத்து சொச்சம் ஆச்சு. நூறு நூத்தம்பதுக்கு கோல்டு ஃபிஷ் கிடைக்கும்போது அது நீந்துற தண்ணியை பார்க்கறதுக்கு மூவாயிரமானு யோசிச்சு யோசிச்சே ரெண்டு மாசம் தள்ளிப்போட்டேன், அந்த ரெண்டு மாசத்துல தான் ஒன்பது மீன் போச்சு. மருந்துக்கு கொட்டினது, ஸ்ட்ரிப்புக்கு கொட்டினது, செத்த மீனோட விலை, பாப்பா அழுததுக்கு வாங்கிக்கொடுத்த ஐஸ்க்ரீம் எல்லாம் சேர்த்தா கிட்டு காசை எப்பவோ தாண்டியாச்சு.

நம்ம வீடு தாம்பரம் தாண்டி. பின்னாடி தென்னை மரத்துக்கும் காம்பவுண்டு சுவத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடம் சும்மா கிடந்துச்சு, அங்க மே மாசம் கொத்தனாரை வெச்சு ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினேன். எட்டடி நீளம், அஞ்சடி அகலம், தண்ணி ரெண்டடி நிக்கும், கணக்கு போட்டா 2,200 லிட்டர் கிட்ட வரும். புது சிமெண்ட்ல காரம் இறங்காம மீனை விட்டா செத்துடும்னு எல்லாரும் சொன்னதால வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவெச்சு, தண்ணி மாத்தி, மறுபடி ஊறவெச்சுனு மூணு வாரம் பொறுமையா இருந்தேன், அந்த விஷயத்துல என்னை யாரும் குறை சொல்ல முடியாது. போர் தண்ணி தான் விட்டேன், லாரி தண்ணி கிடையாது, அதனால குளோரின் பயம் இல்ல. பழைய பெயிண்ட் பக்கெட்ல ஸ்பாஞ்சும் பயோ பாலும் (நல்ல பாக்டீரியா ஒட்டி வளர்ற பிளாஸ்டிக் உருண்டை) போட்டு ஃபில்டர், 18 வாட்ல ஒரு குட்டி மோட்டார், அது தண்ணியை பக்கெட்டுக்கு ஏத்தும், அங்கேர்ந்து குழாய் வழியா சலசலனு தொட்டியில விழும். ஜூன் நடுவுல கொளத்தூர் போய் பதினாலு கோல்டு ஃபிஷ் வாங்கிட்டு வந்தோம், அதுல காமெட் வகை அஞ்சு, ஷுபுங்கின் நாலு, ஒராண்டா அஞ்சு. கூடவே கொசுப்புழுவைத் தின்னட்டும்னு ஒரு கை கப்பி, குட்டியூண்டு மீன். பாப்பா பதினாலுக்கும் பேர் வெச்சா, கப்பிக்கு வைக்கல, அதுங்க நிக்காம ஓடுதுங்களாம்.

ஜூன் மாசம் பூரா ஒண்ணும் ஆகல. ஜூலை மூணாவது வாரம் திருச்சியில அக்கா வீட்டுக்கு போயிருந்த அப்பா திரும்பி வந்தாரு, தொட்டியை சுத்தி சுத்தி பார்த்துட்டு நல்லா தான்டா இருக்குனு சொன்னாரு, அவர் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வர்றதே பெருசு. அந்த மாசக் கடைசியில ஒரு நாள் காலையில பெரிய காமெட் ஒண்ணு மேல மிதக்குது. ஒண்ணு தானேனு விட்டுட்டேன். நாலு நாள் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் ஒரு வாரம் ஒண்ணும் இல்ல, சரி நின்னுடுச்சுனு நினைச்சா ஆகஸ்ட்ல ஒரு நாள் முழுக்க மழை மூட்டமா இருந்துச்சு, மழையும் பெய்யல வெயிலும் அடிக்கல, அன்னைக்கு ராத்திரி தாண்டி காலையில பார்த்தா ஒரே நேரத்துல நாலு. பாப்பா ஸ்கூலுக்கு போற நேரம் வேற.

அந்த நாலையும் புதைக்கும்போது நான் கவனிச்சும் கவனிக்காம விட்டது ஒண்ணு இருக்கு. நாலும் வாயை நல்லா ஆன்னு திறந்துட்டு இருந்துச்சு, செவுள் மூடி ரெண்டு பக்கமும் விரிஞ்சு நின்னுச்சு. உடம்புல புண் இல்ல, வெள்ளைப்புள்ளி இல்ல, துடுப்பு கிழியல, செதில் தூக்கல. அப்புறம் இன்னொண்ணு, செத்தது எல்லாம் பெரிய பெரிய மீனு. கப்பி ஒண்ணு கூட சாகல, அதுங்க பாட்டுக்கு குட்டி போட்டுட்டு ஜாலியா இருக்குதுங்க. இதையெல்லாம் கொஞ்சம் உக்காந்து யோசிச்சிருந்தா கிட்டே வாங்காம கண்டுபிடிச்சிருக்கலாம், ஆனா அப்ப எனக்கு யார் மேல சந்தேகம் தெரியுமா, பக்கத்து வீட்டு பூனை மேல. பூனை தூக்கிட்டு போகுமே தவிர மீனை மூச்சு முட்ட வெச்சு கொன்னு மிதக்க விட்டுட்டா போகும்.

சரினு மீன் கடைக்கு போனேன். கடை பேர் எல்லாம் வேணாம், எந்த கடைக்கு போயிருந்தாலும் இதே தான் நடந்திருக்கும்னு நினைக்கறேன். அண்ணே மீன் சாகுதுனு சொன்னதும் எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுது, என்ன தீனி போடறீங்க ஒண்ணுமே கேக்கல, நீல மருந்து ஒரு பாட்டில் எடுத்து வெச்சாரு, கல்லுப்பு ஒரு பாக்கெட், இன்னொரு மஞ்சள் பொடி. மெத்திலீன் ப்ளூவை ஊத்தினேன், தொட்டி பூரா சொட்டு நீலம் போட்ட பக்கெட் மாதிரி ஆச்சு. அது பூஞ்சைக்கு நல்ல மருந்து தான், மீன் முட்டையை குஞ்சு பொரிக்க வைக்கறவங்க பயன்படுத்துவாங்க, ஆனா ஃபில்டர்ல ஒட்டிட்டு இருக்கற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து பாதிக்கும்னு அப்ப எனக்கு தெரியாது. மருந்து போடணும்னா மீனை தனி டப்புல எடுத்து வெச்சு போடணும், தொட்டியில ஊத்தக் கூடாது. அடுத்த பத்து நாள்ல இன்னும் மூணு போச்சு.

நடுவுல ஸ்ட்ரிப் ஒண்ணும் வாங்கினேன், முக்கினா ஆறு கட்டமும் கலர் மாறுமே அது. ஆன்லைன்ல முந்நூறு ரூபாய் கிட்ட. முக்கினேன், எல்லா கட்டமும் பார்க்க நல்லா தான் இருந்துச்சு, தண்ணி ஓகேனு நிம்மதியா தூங்கினேன். ரெண்டு நாள் கழிச்சு தான் டப்பாவை திருப்பிப் பார்க்கறேன், அந்த ஆறு கட்டத்துல அமோனியாவே இல்ல. பிஹெச் (தண்ணி அமிலமா காரமானு சொல்ற நம்பர், ஏற ஏற காரம்) இருக்கு, கடினத்தன்மை இருக்கு, குளோரின் இருக்கு, நைட்ரேட் இருக்கு, மீனை முதல்ல கொல்றது எதுவோ அது மட்டும் இல்ல. ஸ்ட்ரிப் வாங்கறவங்க இதை மட்டுமாவது பார்த்து வாங்குங்க. அதோட நம்ம ஊர் ஈரக்காத்துல டப்பா மூடியை ரெண்டு தடவை சரியா மூடாம விட்டா போதும், எல்லா கட்டமும் தானா கலர் மாறி உக்காந்திருக்கும்.

ஒன்பதாவது மீன் ஒரு ஒராண்டா, பாப்பா அதுக்கு புஜ்ஜினு பேர் வெச்சிருந்தா. அன்னைக்கு ராத்திரி தான் கடுப்புல இந்த கிட்டை ஆர்டர் போட்டேன்.

இப்ப கிட்டுக்கு வரேன். டப்பாவுக்குள்ள ஏழு சொட்டு பாட்டில், நாலு கண்ணாடி ட்யூப், மூடி, ஒரு கலர் அட்டை, ஒரு புக்கு. பிஹெச், ஹை ரேஞ்ச் பிஹெச், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட்னு அஞ்சு டெஸ்ட். எண்ணூறு டெஸ்டுக்கு வரும்னு போட்டிருக்கான், ஒரு வீட்டுத் தொட்டிக்கு அது தீர்றதுக்குள்ள தேதி தான் முடியும். புக்கு தமிழ்ல கிடையாது, ஆனா ஒரு தடவை யாராவது படிச்சு சொல்லிட்டா போதும், மிச்சம் எல்லாம் சொட்டு எண்றது தான். எல்லாத்துக்கும் ட்யூப்ல 5 மில்லி கோடு வரைக்கும் தொட்டித் தண்ணி. அமோனியாவுக்கு முதல் பாட்டில்லேர்ந்து எட்டு சொட்டு, ரெண்டாவதுலேர்ந்து எட்டு சொட்டு, மூடி போட்டு குலுக்கிட்டு அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணணும். பாட்டிலை நேரா தலைகீழா பிடிக்கணும், சாய்ச்சு பிடிச்சா சொட்டோட சைஸ் மாறும். விரலால வாயை அடைச்சு குலுக்காதீங்க, அதுக்கு தான் மூடி கொடுத்திருக்கான், நான் முதல் நாள் விரலால தான் குலுக்கினேன், அந்த திரவம் கையில பட்டா நல்லதில்ல.

முதல் டெஸ்ட் போட்டது ஒரு சாயங்காலம், ஆறு மணிக்கு கொஞ்சம் முன்னாடி, வெளிச்சம் இருக்கும்போதே. சொட்டு விழுந்ததும் தண்ணி மஞ்சளா ஆச்சு, மஞ்சள்னா அமோனியா ஸீரோ, சரி இதுவும் வேஸ்ட் தான் போலனு நினைச்சு ட்யூபை திட்டு மேல வெச்சுட்டு டீ எடுக்க உள்ள போனேன். திரும்பி வந்து பார்த்தா பச்சை. லைட்டா எல்லாம் இல்ல, மூங்கில் இலை பச்சை. அட்டையில வெச்சு பார்த்தா 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். மீன் தொட்டியில அது ஸீரோவா தான் இருக்கணும், கால் பிபிஎம் இருந்தாலே ஏதோ சரியில்லனு அர்த்தம். நைட்ரைட் ட்யூப் வான நீலத்துலேர்ந்து லேசா கத்தரிப்பூ பக்கம் போயிருந்துச்சு, கால் பிபிஎம். சாதா பிஹெச் பாட்டில் 7.6 வரைக்கும் தான் காட்டும், அது முட்டிட்டு நின்னுச்சு, ஹை ரேஞ்ச் பாட்டில்ல அஞ்சு சொட்டு போட்டா நாவல்பழக் கலர்ல 8.8, அந்த அட்டையோட கடைசி கட்டம் அது. அதுக்கு மேல இருந்தாலும் கிட்டு காட்டாது.

நைட்ரேட் ஸீரோனு காட்டுச்சு, அது என் தப்பு. நைட்ரேட் ரெண்டாவது பாட்டில்ல அடியில மருந்து உறைஞ்சு தங்கியிருக்கும், அதை முப்பது செகண்டு நல்லா அடிச்சு குலுக்கணும், சொட்டு விட்டப்புறம் ட்யூபை இன்னொரு நிமிஷம் குலுக்கணும், அப்புறம் அஞ்சு நிமிஷம். நான் ஹோட்டல்ல சாஸ் பாட்டிலை குலுக்கற மாதிரி ரெண்டு தடவை ஆட்டிட்டு விட்டுட்டேன். மறுபடி ஒழுங்கா பண்ணினப்ப 10 வந்துச்சு. கிட்டு வாங்கினவங்க பாதி பேர் தடுக்கி விழற இடம் இது தான்.

இந்த அமோனியா சமாச்சாரத்தை கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி நம்பரை வெச்சு என்ன பண்றது. மீன் செவுள் வழியா விடறதும் அமோனியா தான், மிச்ச தீனி அழுகினாலும் அமோனியா தான். ஃபில்டர்ல இருக்கற ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட் அவ்வளவு மோசம் இல்ல, செடி எடுத்துக்கும், தண்ணி மாத்தினா போயிடும். அமோனியா இருக்குனா ஃபில்டர் வேலை செய்யலனு அர்த்தம். அடுத்தது தான் எனக்கு புதுசு. கிட்டு காட்டற அந்த 1 பிபிஎம் மொத்தமும் விஷம் இல்ல, தண்ணியோட பிஹெச்சும் சூடும் எவ்வளவோ அதைப் பொறுத்து அதுல ஒரு பங்கு தான் விஷமா இருக்கும். 30 டிகிரி தண்ணியில பிஹெச் 7 இருந்தா நூத்துல ஒரு பங்கு கூட விஷம் இல்ல, 8னா ஏழு எட்டு பங்கு, 8.8னா மூணுல ஒரு பங்கு. அதே அமோனியா, அதே கிட்டு, அதே பச்சைக் கலர், ஆனா ஒரு தொட்டியில மீன் சமாளிச்சுக்கும், இன்னொண்ணுல செவுள் வெந்துடும்.

சரி, சிமெண்ட் காரம் தான் இன்னும் இறங்கல போலனு நினைச்சேன். 8.8 வந்தா யாரா இருந்தாலும் அதைத் தான் நினைப்பாங்க. பாதி தண்ணியை வெளிய விட்டு புது போர் தண்ணி விட்டேன், விடறதுக்கு முன்னாடி போர் தண்ணியையும் கிட்டுல பார்த்தேன், பிஹெச் 7.6, அமோனியா ஸீரோ. ரெண்டு நாள் கழிச்சு லீவு நாள், காலையில ஒன்பது மணிக்கு பார்த்தா பிஹெச் 8. அப்பாடானு இருந்துச்சு. அன்னைக்கே சாயங்காலம் மறுபடி பார்த்தா திரும்ப 8.8. சிமெண்ட் காரம்னா காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு காட்டாது, அது எப்பவும் ஒரே மாதிரி தான் ஏறிட்டு இருக்கும். தினமும் ஏறி இறங்குதுனா அது சூரியன் சம்பந்தப்பட்டது. தண்ணி பச்சையா இருக்கே, ஜூலைலேர்ந்து பாசி பூத்து பச்சையா தான் இருக்கு, அதை நான் அழகுனு நினைச்சுட்டு இருந்தேன். பாசி பகல்ல தண்ணியில இருக்கற கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கும், அதனால பிஹெச் ஏறும், ஆக்சிஜன் விடும். ராத்திரி வெளிச்சம் இல்லாததால அதுவும் மீன் மாதிரி ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை விடும், பிஹெச் இறங்கும். ஆக, பிஹெச் ரொம்ப இறங்கியிருக்கற நேரம் எதுவோ, ஆக்சிஜன் ரொம்ப கம்மியா இருக்கற நேரமும் அதே தான், சூரியன் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி.

இந்தக் கிட்டு ஆக்சிஜனை காட்டாது. அதுக்கு தனி கிட்டு இருக்கு, மீட்டர் இருக்கு, விலை கேட்டா தலை சுத்தும். ஆனா பிஹெச் எவ்வளவு இறங்குதுனு பார்த்தா ஒரு அனுமானம் கிடைக்குமே, அதனால விடியறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள் எடுக்கணும்னு முடிவு பண்ணி அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சேன். காலேஜ் எக்ஸாமுக்கு கூட நான் அஞ்சு மணிக்கு எழுந்ததில்ல. இதுக்கு நடுவுல பத்தாவது மீனும் போயிருந்துச்சு.

செல்போன் டார்ச்சை அடிச்சுட்டு பின்பக்கம் போறேன், ஒரே இருட்டு, தென்னை ஓலை கூட அசையல, ஒரு மாதிரி நிசப்தமா இருந்துச்சு. என்னடா இதுனு ரெண்டு செகண்டு புரியல. தொட்டி கிட்ட போய் டார்ச் அடிச்சா மிச்சம் இருந்த நாலு மீனும் மேல வந்து வாயை தண்ணி மட்டத்துல வெச்சு பக் பக்னு அடிச்சுட்டு இருக்கு, நாலும் குழாய் விழற அந்த மூலையிலயே ஒண்ணா சேர்ந்து நிக்குது. கப்பி பூரா தண்ணியோட மேல் தோல்ல ஒட்டின மாதிரி வரிசையா. அப்ப தான் உறைச்சுது, அந்தக் குழாய்லேர்ந்து தண்ணி விழல. சலசலனு சத்தமே இல்ல. சுவிட்ச் போர்டுல பார்த்தா மோட்டார் சுவிட்ச் ஆஃப்.

யாரோ ராத்திரி வந்து ஆஃப் பண்றாங்கனா வீட்டுல வேற யாரு, எங்க அப்பா தான். மின்வாரியத்துல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. ராத்திரி பத்து மணிக்கு வீடு பூரா ஒரு ரவுண்டு வருவாரு, டிவி, செட்டாப் பாக்ஸ், மைக்ரோவேவ், செல் சார்ஜர் எல்லா சுவிட்சும் ஆஃப், கோவில் நடை சாத்தற மாதிரி ஒரு ஒழுங்கு. காலையில அஞ்சரைக்கு எழுந்து பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது போற வழியில மோட்டாரை போட்டுட்டு போவாரு. நான் எழுந்து வர்ற ஏழரைக்கு தண்ணி சலசலனு விழுந்துட்டு இருக்கும். ரெண்டு மாசமா எனக்கு தெரியவே தெரியாது.

அஞ்சரைக்கு வந்தாரு. நான் கையில ட்யூபோட தரையில உக்காந்திருக்கேன். என்னடா இந்நேரத்துலனாரு. ஏம்ப்பா மோட்டாரை ஆஃப் பண்றீங்கனு கேட்டேன். பகல் பூரா ஓடுதேடா, ராத்திரியாவது ரெஸ்ட் வேணாமா, காயில் போயிடும்னாரு. அப்பா இது 18 வாட், ராத்திரி ஓடாம நீங்க மிச்சம் பிடிக்கறது ரெண்டு மாச பில்லுக்கு 8 யூனிட்னு கணக்கு சொன்னேன். அவருக்கு சுருக்குனு கோவம் வந்துடுச்சு, யூனிட் கணக்கு எனக்கு சொல்றியா நீ, நான் யூனிட்டுக்கு சொல்லலடா காயிலுக்கு சொன்னேன்னாரு. இது கிணத்து மோட்டார் இல்லப்பா, தண்ணிக்குள்ளயே முங்கி ஓடற பம்ப்பு, சுத்தி இருக்கற தண்ணியே அதை கூல் பண்ணிடும், 24 மணி நேரமும் ஓடறதுக்குனே பண்ணினதுனு சொல்லி, டார்ச்சை தண்ணியில அடிச்சு காட்டினேன். மீன் வாய் அடிக்கறதை குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தாரு. ஒண்ணும் பேசல. போய் சுவிட்சை போட்டாரு, தண்ணி விழ ஆரம்பிச்சதும் நாலும் போய் அந்த தண்ணி விழற இடத்துலயே மூஞ்சியை வெச்சு நின்னுச்சு.

அன்னைக்கு எடுத்த சாம்பிள்ல பிஹெச் 7.8, அமோனியா 1. அதுக்கு அப்புறம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிச்சு. ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும், ஏழரை மணி நேரம் தண்ணி ஓடாம பக்கெட்டுக்குள்ள தேங்கி நின்னா அதுங்க மூச்சு முட்டி சாகும், அது சாகறதால அமோனியா ஏறும், சாயங்காலம் பிஹெச் ஏறும்போது அந்த அமோனியா விஷமாகி செவுளை கெடுக்கும், கெட்டுப்போன செவுளோட அந்த மீன் ராத்திரி ஆக்சிஜனே இல்லாத தண்ணியில விடிய விடிய போராடணும். 30 டிகிரி தண்ணி முழுசா காத்து பிடிச்சாலே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் தான் தாங்கும், அதுல பாசியும் பங்கு கேட்கும். பெரிய மீனுக்கு தேவை ஜாஸ்தி, அதனால அது முதல்ல போகும், கப்பி மேல் மட்டத்துல உறிஞ்சி பிழைச்சுக்கும். அந்த மழை மூட்டம் போட்ட நாள்ல பாசி பகல்லயே சரியா ஆக்சிஜன் விடல, அதனால தான் ஒரே ராத்திரியில நாலு. பெரிய மீன், விடிகாலை, திறந்த வாய், விரிஞ்ச செவுள். எல்லாம் முதல் நாள்லேர்ந்து கண்ணு முன்னாடியே இருந்துச்சு.

அப்பா மேல மட்டும் பழியை போட்டா பாவம். ஸ்பாஞ்சை வாராவாரம் குழாயடியில வெள்ளையா ஆகற வரைக்கும் கசக்கி துவைச்சது நான், அதுல தான் பாக்டீரியா இருக்குனு தெரியாம. அம்மாவும் பாப்பாவும் போட்டி போட்டுட்டு கோவில் குளத்துல போடற மாதிரி பொரி போட்டாங்க, மிச்ச இட்லியும் சில நாள் உள்ள போச்சு. கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது, போட்டது நேரா குடலுக்கு போய் சீக்கிரமே வெளிய வந்துடும், அதனால எப்ப பார்த்தாலும் பசியில இருக்கற மாதிரியே ஓடி வரும், நம்ம மனசு கேக்காது. மருந்து ஊத்தி மிச்சம் இருந்த பாக்டீரியாவையும் காலி பண்ணினதும் நான் தான்.

நெட்டுல இதைப் பத்தி தேடினா வர்றது பூரா குளிர் தேசத்து ஆளுங்க எழுதினது. குளம் உறைஞ்சா ஐஸ்ல ஓட்டை போடுங்க, நாரைக்கு வலை கட்டுங்க, கோல்டு ஃபிஷ் எதையும் தாங்கும்னு. உண்மை தான், கடும் குளிர்ல ஆக்சிஜன் இல்லாத தண்ணியில கோல்டு ஃபிஷ் தன் உடம்புல சேர்ற லாக்டிக் அமிலத்தை சாராயமா மாத்தி செவுள் வழியா வெளிய விட்டு நாள் கணக்குல உயிரை பிடிச்சு வெச்சுக்குமாம். ஆனா அதுக்கு தண்ணி ஃப்ரிட்ஜ் மாதிரி சில்லுனு இருக்கணும். தாம்பரத்துல செப்டம்பர்ல அந்த வித்தை எல்லாம் செல்லாது.

அப்புறம் பண்ணினது எல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல. மோட்டார் 24 மணி நேரம், சுவிட்ச் மேல செல்லோ டேப் ஒட்டி பாப்பா கையால மீன் படம் வரைஞ்சு வெச்சாச்சு. கரண்ட் போனா ஓடறதுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு. தொட்டியில பாதிக்கு மேல பச்சை ஷேட் நெட், பாசி தானா குறைஞ்சுது. ஆகாயத்தாமரை நாலு செடி விட்டேன், அமோனியாவை நல்லா இழுக்குது, ஆனா விட்டா தொட்டி பூரா மூடிடும், வாராவாரம் பாதியை அள்ளி உரக்குழியில போடறேன். தினமும் கால்வாசி தண்ணி மாத்தினேன் மூணு வாரத்துக்கு, மாத்தின தண்ணி பூரா தென்னைக்கு. தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை, ரெண்டு நிமிஷத்துல தின்னு தீர்க்கற அளவு. ஸ்பாஞ்சை தொட்டித் தண்ணியிலயே லேசா பிழிஞ்சு விடறது, அவ்வளவு தான். அமோனியா கால் ஆக பத்து நாள், ஸீரோ ஆக இருபத்தாறு நாள். நடுவுல நைட்ரைட் 1 வரைக்கும் ஏறி பயமுறுத்துச்சு, அப்ப அந்த கடைக்காரர் கொடுத்த கல்லுப்பு உண்மையிலயே உதவுச்சு, உப்புல இருக்கற குளோரைடு நைட்ரைட் ரத்தத்துல ஏறாம தடுக்கும். அந்த அண்ணனுக்கு ஒரு மார்க் கொடுக்கலாம். அப்புறமும் ரெண்டு தடவை விடிகாலை அஞ்சு மணிக்கு எழுந்து பார்த்தேன், நாலும் அடியில நிம்மதியா நிக்குது. அதுக்கப்புறம் ஒண்ணு கூட சாகல.

கிட்டுல எனக்கு இருக்கற குறைனா, கலர் அட்டை. 0.25க்கும் 0.5க்கும் நடுவுல நிக்கற பச்சையை வீட்டு எல்இடி பல்புல பார்த்தா ஒரு கலர், மஞ்சள் பல்புல பார்த்தா வேற கலர், வெயில் நேரா படாத பகல் வெளிச்சத்துல வெள்ளைப் பேப்பர் பின்னாடி வெச்சு பார்த்தா தான் சரியா தெரியும். நைட்ரேட் அட்டையில 40க்கும் 80க்கும் நடுவுல சிகப்புக்கும் சிகப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, என் வீட்டம்மா ஒண்ணு சொல்லுவா நான் ஒண்ணு சொல்லுவேன். கலர் சரியா பிரிச்சு பார்க்க முடியாதவங்க வேற யாரையாவது பக்கத்துல வெச்சுக்கோங்க. தண்ணியோட காரத்தன்மை (இது பிஹெச் இல்ல, வேற), கடினத்தன்மை பார்க்கற டெஸ்ட் இதுல இல்ல, குளோரின் இல்ல. லாரி தண்ணியோ மெட்ரோ தண்ணியோ விடறவங்க குளோரினுக்கு தனியா பார்த்துக்கணும். ஒவ்வொரு தடவையும் ட்யூபை தொட்டித் தண்ணியால அலசி வைங்க, பழசு ஒட்டியிருந்தா அடுத்த ரீடிங் பொய் சொல்லும்.

சின்ன கண்ணாடித் தொட்டியில ரெண்டு மீன் வெச்சிருக்கறவங்க இவ்வளவு காசு போட வேணாம், இதே கம்பெனியில அமோனியா மட்டும் தனியா விக்கறாங்க, அதை மட்டும் வாங்கினாலே பாதி கதை தெரிஞ்சுடும். சிமெண்ட் தொட்டி, வெயில், பச்சைத் தண்ணினு இருக்கறவங்க முழு கிட்டு வாங்கறது நல்லது, ஆனா ஒரே நேரத்துல டெஸ்ட் பண்ணாதீங்க, விடியறதுக்கு முன்னாடி ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நான் சாயங்காலத்தோட நிறுத்தியிருந்தா இன்னும் சிமெண்டை தான் திட்டிட்டு இருந்திருப்பேன், மிச்ச நாலும் போயிருக்கும். எனக்கு அஞ்சுக்கு நாலரை ஸ்டார், அந்த அரை அட்டைக்கு.

இப்ப டெஸ்ட் பண்றது நான் இல்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பா தான் கண்ணாடியை மாட்டிட்டு திட்டு மேல ட்யூபை வரிசையா நிக்க வெச்சு, பழைய டைரி ஒண்ணுல கோடு போட்டு தேதி, நேரம், அமோனியா, நைட்ரைட், பிஹெச்னு மீட்டர் ரீடிங் எடுக்கற மாதிரி எழுதறாரு. போன வாரம் எனக்கு ஃபோன் போட்டு, ஆபீஸ் மீட்டிங்ல இருக்கேன், டேய் அமோனியா பாட்டில் ஒண்ணு வேகமா குறையுதே, நீ எட்டு சொட்டுக்கு பத்து சொட்டு விட்டியானு கேக்கறாரு.